சிவகங்கை மலையில் எங்கள் வீட்டுக் கூட்டு

என் பெண் யசோதா புருஷன் வீட்டிலிருந்து ஓடி வந்தவள் அல்ல. நான் மைசூருக்குப் போய், பட்டப்பகலில், அந்தத் தெருவே வாசலில் நின்று பார்க்க, ஜட்காவில் ஏற்றி அழைத்து வந்தவள். நாங்கள் குடியிருக்கும் சாமராஜப்பேட்டையில் இதை வேறு விதமாகப் பேசுகிறவர்கள் உண்டு. என் எதிரில் பேசுவதில்லை. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இடது காது மூன்று நாளாகக் கேட்கவில்லை என்று அவள் ஒரு கார்டு போட்டிருந்தாள். அறைந்தது யார் என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. மறுநாள் காலை ரயிலில் போனேன். "கோபத்துல கை நீண்டுடுத்து" என்றார் மாப்பிள்ளை. "அந்தக் கைக்கு எட்டாத தூரத்துல என் பொண்ணு இருப்பா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவளுடைய பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

மைசூர் சமஸ்தானத்தின் சர்வே இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். எல்லைக்கல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. யாருக்காகவும் ஓர் அங்குலம் நகர்த்தியதில்லை.

எங்கள் பேட்டையில் பதினொரு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வனபோஜனத்துக்குப் போவது வழக்கம். எல்லோரும் சமஸ்தான உத்தியோகத்துக்கென்று இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். மைசூர் சமஸ்தானத்துச் சிவகங்கை மலையடிவாரத்தில் ஒரு தோப்பு; அதில் ஒரு நெல்லி மரம். அந்த மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்புவோம். எந்த வீட்டார் எதைச் சமைப்பது என்பது முப்பத்தொன்றாம் வருஷமே முடிவானது. சேஷகிரி வீட்டில் புளியோதரை, ஸ்ரீகண்டன் வீட்டில் பாயசம், எங்கள் வீட்டில் கூட்டு. யாரும் யாருடையதையும் தொடுவதில்லை.

எங்கள் கூட்டில் ஏழு காய். சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், வெள்ளைப் பூசணி, பறங்கி, கொத்தவரை, உரித்த அவரை விதை. முட்டைக்கோசும் நூக்கோலும் அதில் கால் வைக்கக் கூடாது. சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும். அவரை விதையில் புளி முன்னாலேயே பட்டுவிட்டால் அது பிறகு எத்தனை எரித்தாலும் வேகாது. ஆகையால் இரண்டும் தனித்தனியாக வெந்து, கடைசியில்தான் சந்திக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்கிறவள் என் மனைவி சுப்புலக்ஷ்மி. அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடிவிட்ட பிறகு, யசோதா செய்கிறாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம், வனபோஜனத்துக்கு மூன்று நாள் முன்னால் சேஷகிரி வீட்டுக்கு வந்தார். அட்டார கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வனபோஜனக் கமிட்டியும் ஏற்பாடெல்லாமும் அவர் பொறுப்பு. உட்காரச் சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெங்கடசுப்ரமணியம், இந்த வருஷம் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். கூட்டை ஸ்ரீகண்டன் ஆத்துல பண்றதா ஒத்துண்டிருக்கா. நீங்க வாழை இலை மட்டும் கொண்டு வந்தாப் போறும்."

"கூட்டு எங்காத்துது. இருபத்துநாலு வருஷமா."

"யார் இல்லேன்னா? மாமிக்குக் கை சரியில்லையேன்னுதான்..."

"போன வருஷமும் சரியில்லை. யசோதாதான் பண்ணினா. நீங்க மூணு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேள்."

சேஷகிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமான கண்ணாடிதான்.

"என் பொண்ணைப் பார்க்க மதராஸ்லேந்து வரா. பெண் பார்க்கறதுன்னு வைக்காம, வனபோஜனத்துல சகஜமாப் பார்த்துக்கலாம்னு ஏற்பாடு. பிள்ளையோட அம்மா ரொம்ப ஆசாரம். கூட்டு யார் பண்ணினா, அவ ஆம்படையான் எங்கேன்னு ஒரு கேள்வி வந்துட்டா... உங்களுக்கே தெரியும். இந்த ஒரு வருஷம்தான்."

உள்ளேயிருந்து சுப்புலக்ஷ்மியின் குரல் வந்தது. "ஏன்னா, காபி ஆறிடும்னு சொல்லுங்கோ. குடிச்சுட்டே மீதியைச் சொல்லட்டும்."

அவர் காபியைக் குடிக்கவில்லை.

"இலையும் வராது" என்றேன்.

"கோவிச்சுக்கறேளே."

"கோபம் இல்லை. என் பொண்ணு சமைச்சது ஆகாத இடத்துக்கு நான் கொண்டுவர இலையும் ஆகாது. ஆனா மலைக்கு நாங்க வருவோம். மலை உங்க கமிட்டியோடது இல்லை."

அவர் போன பிறகு கூடத்தில் நடந்தேன். யசோதா வாசலில் உட்கார்ந்து, காய்க்காரி சந்திரம்மாவிடம் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். பனி பட்ட முதல் அவரை, தெருவே மணத்தது. "சொகடு நோடி அம்மா" என்று மணத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லிக் காயை உடைத்து அவள் மூக்கருகே நீட்டிய சந்திரம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சுவாமி, இஷ்டு கோபா?" என்று இத்தனை கோபம் எதற்கென்று கேட்டாள். யசோதாவிடம் என் திட்டத்தைச் சொன்னேன்.

"அதே தோப்பு. அதே நாள். அவா பந்திக்கு முப்பது அடி தள்ளி நம்ம அடுப்பு. ஏழு காயும் போட்டு நீ கூட்டு பண்ணு. மணம் அவா மூக்குல ஏறட்டும். யார் எழுந்து வரா, யார் வரலைன்னு பார்த்துடறேன்."

யசோதா காயைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "முப்பது அடியில அடுப்பை மூட்டிண்டு, யாராவது வருவாளா வருவாளான்னு பார்த்துண்டு உட்காரணும். அதுக்குப் பேர் என்னப்பா?"

"எதிர்த்து நிக்கறது."

"இல்லை. கையேந்தறது."

முப்பத்திரண்டு வருஷத்தில் இலாகாவில் ஒருவரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. சந்திரம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"பின்னே என்ன பண்ணணும்கறே?"

"மலை மேல போய்ச் சமைக்கலாம். வருஷா வருஷம் அடிவாரத்துலேயே சாப்பிட்டுட்டுத் திரும்பறோம். பொம்மனாட்டிகள் யாரும் உச்சியைப் பார்த்ததில்லை. அங்கே நமக்குப் பசிக்கும். நமக்காகச் சமைச்சு நாம சாப்பிடுவோம். அப்படின்னா நான் கூட்டு பண்றேன். இல்லேன்னா ஸ்ரீகண்டன் மாமாவாத்துலேயே பண்ணட்டும்."

"அம்மாவால ஏற முடியாது."

"யார் சொன்னா?" சுப்புலக்ஷ்மி நிலைப்படியில் வந்து நின்றாள். "கைதானே போச்சு? கால் ரெண்டும் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சிட்டி ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, நிடவந்தாவில் இறங்கினோம். கமிட்டியார் தனி பஸ் வைத்துக்கொண்டு போனார்கள். நிடவந்தாவிலிருந்து நாலு மைல் நடை. முந்தின இரவு மழை பெய்திருந்தது. கேழ்வரகு வயல்களுக்கு நடுவே செம்மண் பாதை செருப்பில் ஒட்டியது. ஈயம் பூசின பித்தளை அடுக்கும் வெண்கலப் பானையும் காய்ப் பையும் என்னிடம். சுப்புலக்ஷ்மி இடது கையில் தயிர்த் தூக்கு. யசோதா எங்கள் வீட்டிலிருந்தே காய்ந்த விறகைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். சமஸ்தான உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண் தலையில் விறகா என்று யாரும் கேட்டால் கேட்கட்டும் என்றுதான் நான் பின்னால் நடந்தேன்.

தோப்பைக் கடந்துதான் மலைப்பாதை. பதினோரு வீட்டில் எங்களைக் கழித்துப் பத்து வீடும் அங்கே இருந்தது. விறகு நனைந்து அடுப்பெல்லாம் புகைந்துகொண்டிருந்தது. விறகுக்குத் தார்ப்பாய் போடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறவன் நான். இந்த வருஷம் சொல்ல ஆள் இல்லை. ஊதுகுழலோடு நிமிர்ந்த ஸ்ரீகண்டன் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தார். ஒருவரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. நாங்களும் நிற்கவில்லை. யசோதா தலைச்சுமையோடு, கழுத்தைத் திருப்பாமல், நேரே பார்த்து நடந்தாள்.

மலை ஏறுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. அளவைச் சங்கிலியும் தியோடலைட் கருவியும் தூக்கிக்கொண்டு இதைவிட மோசமான மலைகளில் ஏறியிருக்கிறேன். சுப்புலக்ஷ்மிதான் ஆச்சரியப்படுத்தினாள். நூறு படிக்கு ஒரு தரம் நிற்பாள், "என்னமோ பெரிசா சொன்னேளே, இவ்வளவுதானா மலை?" என்பாள், மறுபடி ஏறுவாள். பாதி மலையில் ஒரு குரங்கு பாறைக்குப் பின்னாலிருந்து வந்து, என் பையிலிருந்து வாழைக்காய் மூன்றையும் எடுத்துக்கொண்டு போயிற்று. குடையை ஓங்கினேன். அது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு, ஒரு காயைக் கடித்து, பிடிக்காமல் பள்ளத்தில் எறிந்தது.

"ஏழு காய் ஆறாப் போச்சு" என்றேன். எனக்கு உண்மையாகவே வருத்தம்.

"யாருக்கு ரிப்போர்ட் எழுதணும்?" என்றாள் யசோதா.

உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு சுனைக்குப் பக்கத்தில் சமதளமான பாறை இருந்தது. மூன்று கல்லைக் காற்றுக்கு மறைவாக வைத்து அடுப்பு மூட்டினேன். அது மட்டும் என் வேலை. பிறகு யசோதா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டாள். முதலில் அவரை விதை வெறும் தண்ணீரில் வெந்து இறங்கியது. அடுத்தது புளித்தண்ணீரில் சேனை. சேனை பாதி வெந்ததும் கொத்தவரையும் சர்க்கரைவள்ளியும் விழுந்தன. பூசணியும் பறங்கியும் குழைந்துவிடும் என்பதால் கடைசியில். வெந்த துவரம்பருப்பை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். வறுத்து அரைத்த விழுதைக் கரைத்து விட்டு, அவரை விதையைக் கொட்டி, ஒரே கொதி. அதை இறக்கிச் சாதத்துக்கு உலை வைத்தாள். சாதம் வேகிற நேரத்தில், சொன்ன சொல் மாறாமல், தனியாக உச்சிக்கு ஏறிப் போனாள். சுப்புலக்ஷ்மி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கால் மணி கழித்து இறங்கி வந்தவளின் புடவைத் தலைப்பு காற்றில் அவிழ்ந்திருந்தது. "கீழே நம்ம தோப்பு ஒரு வெற்றிலை அளவுக்குத் தெரியறதுப்பா" என்றாள்.

இலை போடுகிற சமயத்தில் படியில் பேச்சுக்குரல் கேட்டது. முதலில் வந்தவள் எனக்குத் தெரியாத மாமி. ஐம்பது வயதிருக்கும், ஒன்பது கஜம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்காமல் வந்தாள். அவளுக்குப் பின்னால் சேஷகிரியின் மனைவி ஜெயலக்ஷ்மி, வியர்வையில் குங்குமம் கரைய வந்தாள். எங்களைக் கண்டதும் ஜெயலக்ஷ்மி படியிலேயே நின்றுவிட்டாள். அந்த மாமிதான் மதராஸிலிருந்து வந்த பிள்ளையின் தாயார் என்று எனக்கு உடனே புரிந்தது; பேர் அனந்தலக்ஷ்மி என்று பிறகு தெரிந்தது.

"கீழே அடுப்பு இன்னும் புகையறது, சாப்பாடு மூணு மணிக்குத்தான்னா. அதுக்குள்ள உச்சிக்குப் போய்ட்டு வந்துடலாம்னு வந்தேன். இவாளைத்தான் சிரமப்படுத்திட்டேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "நீங்க நம்மடவாதானே? என்ன மணம் இது! பசி வயத்தைக் கிள்றது."

இலை போடுகிற நேரத்தில் வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "உட்காருங்கோ" என்றாள் சுப்புலக்ஷ்மி. அனந்தலக்ஷ்மி உடனே சுனையில் கை கால் அலம்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயலக்ஷ்மி, பசி இல்லை என்று சொல்லி நின்றுகொண்டிருந்தாள். யசோதா பரிமாறினாள்.

அனந்தலக்ஷ்மி நன்றாகச் சாப்பிட்டாள். அதை நான் மறைக்க மாட்டேன். இரண்டாம் தரம் கூட்டு கேட்டு வாங்கினாள். "அவரை விதை வெண்ணெயா வெந்திருக்கு. புளி போட்டும் இப்படி வேகுமா? யார் சமையல்?"

"சுப்புலக்ஷ்மி மாமிதான்" என்றாள் ஜெயலக்ஷ்மி அவசரமாக. "எங்க பேட்டையிலேயே கூட்டுன்னா மாமிதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தயவு செய்து வாயைத் திறக்காதேயுங்கள் என்கிற பார்வை அது. நான் சும்மா இருந்தால் போதும். அவளுடைய பெண்ணின் கல்யாணம் தடையில்லாமல் நடக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. யசோதா கரண்டியைப் பிடித்தபடி பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுப்புலக்ஷ்மி தன் வலது கையை நீட்டிக் கோணல் மணிக்கட்டைக் காட்டினாள். "இந்தக் கை கரண்டி பிடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, மாமி."

"சமைச்சவ என் பொண்ணு யசோதா" என்றேன் நான்.

"பேஷ். ஆம்படையான் எந்த ஊர்?"

"மைசூர். அவன் அங்கே. இவ ரெண்டு வருஷமா எங்களோட இருக்கா. அவன் காதுல அறைஞ்சான். நான் போய் அழைச்சுண்டு வந்தேன். திருப்பி அனுப்பற உத்தேசம் இல்லை."

அனந்தலக்ஷ்மியின் கை இலையில் நின்றது. யசோதாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு இலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாயில் இருந்ததை மட்டும் விழுங்கினாள்.

"வாழாவெட்டி கையால சாப்பிட வெச்சுட்டேளே. பொண்ணுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பாம, மலைக்கு அழைச்சுண்டு வந்து விருந்து பண்ணச் சொல்றேளா? ஒரு அறைக்கு இத்தனை ராங்கியா? எங்காத்துல இதெல்லாம் கிடையாது. வாசப்படி தாண்டி உள்ளே வந்த பொண்ணு அடிச்சாலும் அங்கேதான், அணைச்சாலும் அங்கேதான். பொறந்தாத்து ஆளை எங்காத்து வாசல்ல வந்து நிக்க விட மாட்டோம்." கையை அலம்பிக்கொண்டு ஜெயலக்ஷ்மியின் பக்கம் திரும்பினாள். "வாங்கோ, போகலாம்."

ஜெயலக்ஷ்மி நகரவில்லை. அவளுடைய பெண்ணுக்குப் பதினெட்டு வயது. பாவாடை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் பாண்டி ஆடின பெண். ஜெயலக்ஷ்மி அனந்தலக்ஷ்மியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"நீங்க முன்னால போங்கோ, மாமி" என்றாள்.

"என்ன?"

"எனக்குப் பசிக்கறது. சாப்பிட்டுட்டு வரேன்."

அனந்தலக்ஷ்மி இறங்கிப் போனாள். ஏறி வந்ததைவிட வேகமாகத்தான் போனாள். ஜெயலக்ஷ்மி பாறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யசோதா, எனக்கு ஒரு இலை போடும்மா."

"கூட்டு ஆறிடுத்து மாமி. கொஞ்சம் இருங்கோ, சூடு பண்ணித் தரேன்" என்றாள் யசோதா. குனிந்து அடுப்பை ஊதினாள். நெருப்பு பிடித்துக்கொண்டது. ஜெயலக்ஷ்மி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். "ஆமாம், மலை ஏறின அலுப்புல கவனிக்கலை" என்றாள் யசோதா. இரண்டு பேரும் உப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் கீழேயிருந்து சேஷகிரியின் குரல் கேட்டது. "ஜெயா! ஏ ஜெயா!"

ஜெயலக்ஷ்மியின் கை இலையிலேயே நின்றது. எழுந்துவிடுவாள் போலிருந்தது. "நீ சாப்பிடு" என்றாள் சுப்புலக்ஷ்மி.

நான் மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். சமதளத்துக்கு ஏறி வருகிற அந்த இடத்தில், பாறையில் வெட்டின படி ஒரு முழ அகலம்தான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் பள்ளம். அதன் நடுவில் நின்றேன்.

சேஷகிரி மூச்சு இரைக்க ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எல்லாம் போச்சு, வெங்கடசுப்ரமணியம். உங்களைத் தேடி ஏறி வந்துண்டிருந்தேன், அந்த மாமி வழியிலேயே கோவிச்சுண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போறா. பண்ற துரோகத்தைப் பண்ணிட்டேளே! ஜெயா எங்கே?"

"சாப்பிட்டுண்டிருக்கா."

"யார் பண்ணினதை?"

"என் பொண்ணு பண்ணினதை."

"விலகுங்கோ. இப்போ அவளை அழைச்சுண்டு போய் அந்த மாமி கால்ல விழ வெச்சாத்தான்..."

"சாப்பிடறவாளைப் பாதியில எழுப்பற வழக்கம் எங்காத்துல கிடையாது. இப்போ கூட்டு சாதம் நடக்கறது. இன்னும் மோர் சாதம் இருக்கு."

"இது உங்காத்து வாசலா? இது மலை!"

"நான் நிக்கற வரைக்கும் எங்காத்து வாசல்தான்."

அவர் என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். ஒரு படி ஏறினார். நான் அசையவில்லை. என் மார்பும் அவர் மார்பும் இடிக்காத குறை. பக்கத்தில் பள்ளம் இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மேலே ஜெயலக்ஷ்மியின் குரல் தெளிவாகக் கேட்டது. "யசோதா, இன்னும் கொஞ்சம் போடு. பறங்கிக்காய் நாலு துண்டு சேர்த்துப் போடு."

சேஷகிரி அதைக் கேட்டார். ஏறின படியிலிருந்து இறங்கினார். பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார்.

நான் உட்காரவில்லை.